வேலிப் பக்கத்துப் பழங்கள்

“தாத்தா, வேலி எங்க இருக்குன்னு மரத்துக்குத் தெரியுமா?”

பால் பற்கள் விழத் தொடங்கிய வயதில் மிஷெல் கேட்ட கேள்வி அது. ஏணிக்குக் கீழே நின்று அண்ணாந்து கேட்டாள். ஏணியின் மேலே அவளுடைய தாத்தா அம்புரோஸ் டுரியான் காய்களை ஒவ்வொன்றாக ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றால் கிளையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமலே சொன்னார்: “தெரியாது கண்ணு. அதுக்குத்தான் தாத்தா கட்டுறேன்.”

கொஞ்சம் தள்ளித் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவள் அம்மா பிரெண்டாவுக்கு அந்தப் பதிலைக் கேட்கக் கூச்சமாக இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பழம்கூட விழுந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு மனிதர் இவ்வளவு பாடுபடுவாரா? அதுவும் தன் அப்பாவா?

மிஷெல் இப்போது அம்மாவைவிட உயரமாகிவிட்டாள். ஆனாலும் இன்று காலை பாதையின் குறுக்கே தொங்கிய சங்கிலிக்கு முன்னால் நின்றபோது பிரெண்டாவுக்கு அந்தக் கேள்விதான் நினைவுக்கு வந்தது.

செமினியிலிருந்து மலைப்பக்கம் போகிற சாலையில் புதுத் தாமான் குடியிருப்புகள் எல்லாம் முடிந்த பிறகு ஒரு செம்மண் பாதை பிரியும். அதன் முதல் பாதி பக்கத்துத் தோட்டக்காரர் கமலநாதனுடைய நிலத்துக்குள் ஓடுகிறது. அதைத் தாண்டினால்தான் அம்புரோஸின் தோட்டம். அந்தத் தோட்டத்துக்கு வேறு வழி கிடையாது. பாதையின் முகப்பில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே துருப்பிடித்த சங்கிலி தொங்கியது. அதன் முனையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு.

பிரெண்டாவுக்குப் பின்னால் வெள்ளை வேன் உறுமிக்கொண்டு நின்றது. உள்ளே அம்புரோஸ் படுத்திருந்தார். விடியற்காலையில் காஜாங் ஆஸ்பத்திரியில் அவர் மூச்சு நின்றுபோயிருந்தது.

“அக்கா, இன்ஜினை ஆஃப் பண்ண முடியாது. ஏர்கோன் ஓடணும். உள்ள...” வேன் டிரைவர் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

“அப்பவே சொன்னேன்லா,” என்றான் தம்பி ஷான். சிங்கப்பூரிலிருந்து ராத்திரி முழுக்க வண்டி ஓட்டி வந்தவன். “நேரா சர்ச் ஹாலுக்குக் கொண்டு போயிருந்தா இப்ப எல்லாம் ரெடியாயிருக்கும்.”

வேனின் முன்சீட்டில் ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மா செசிலியா திரும்பிப் பார்க்கவில்லை. “உங்கப்பா சர்ச் ஹாலையா கட்டினாரு? அந்த வீட்டைத்தான் கட்டினாரு. இன்னும் ஒரு ராத்திரி அங்க படுத்துட்டுப் போகட்டும்.”

“அப்ப பூட்டை உடைச்சிடுறேன்.”

“உடைச்ச வழியில உங்கப்பா வரமாட்டாரு, ஷான்.”

அம்மா குரலை உயர்த்தவில்லை. பிரெண்டா சங்கிலிக்குப் பக்கத்திலிருந்த சின்ன இடைவெளியில் நுழைந்து கமலநாதனின் வீட்டை நோக்கி நடந்தாள். கார் நுழைய முடியாத அந்த இடைவெளியைப் பல வருஷமாகப் பெரிதாக்கி வைத்தது அப்பாவின் தள்ளுவண்டிதான். கோழித்தீவனம், சிமெண்டு, கெலுலூட் என்கிற கொட்டாத சின்னத் தேனீக்குக் கூடு வைக்கிற மரத்துண்டுகள், பழைய ரயில் சிலீப்பர் கட்டைகள் எல்லாம் இந்த வழியாகத்தான் உள்ளே போயின. காரைச் சாலையோரத்தில் விட்டுவிட்டு, ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மனிதர் எறும்பைப் போலச் சுமந்தார். சங்கிலியை மட்டும் தொடமாட்டார். பிள்ளைகளையும் தொடவிட்டதில்லை.

என்ன சொல்லிக் கேட்பது? தவறு தங்கள் பக்கம் என்பது அவளுக்குத் தெரியும். அப்பாவின் டுரியான் மரம் தாழக் கிளை விரிக்கிற ஒட்டு மரம். அதன் ஒரு கிளை வேலியைத் தாண்டிக் கமலநாதனுடைய கோழிக்கூட்டின் மேல் போகிறது. ஒரு காலையில் தீவனம் போடப் போன அவர் மனைவி லெட்சுமியின் தோளில் தலையளவு முள் பழம் ஒன்று விழுந்தது. எலும்பு முறிந்து, சரியாகக் கூடாமல், வலது கை இடுப்புக்கு மேல் எழும்பாமலே போனது. கமலநாதன் வந்து மரத்தை வெட்டச் சொன்னார். “மரம் என்ன பண்ணும்?” என்று அப்பா கேட்டுவிட்டார். அந்த ஒரு வார்த்தைதான். மறுநாள் சங்கிலி வந்தது. அடுத்த பருவத்தில் அப்பா ஏணியும் ராஃபியாவுமாகப் பழங்களைக் கட்டத் தொடங்கினார்.

கமலநாதன் வாசலில் பனியனோடு உட்கார்ந்திருந்தார். வேனைப் பார்த்திருக்க வேண்டும். அவளைக் கண்டதும் எழுந்தார்.

“எப்பம்மா?”

“இன்னைக்கு விடியக்காலம், அங்கிள்.”

அவர் உள்ளே போனார். கதவைச் சாத்திவிடுவார் என்று பிரெண்டா நினைத்தாள். ஒரு சட்டையை மாட்டிப் பொத்தான் போட்டுக்கொண்டே திரும்பி வந்தார். சாவுச் செய்தியைப் பனியனோடு நின்று கேட்கக் கூடாது என்று அவருக்குப் பட்டிருக்கும். அவருக்குப் பின்னால் லெட்சுமி வந்து நின்றார். வலது கை விலாவோடு ஒட்டியிருந்தது. இடது கையை மட்டும் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

“அப்பாவை வீட்டுக்குக் கொண்டு போகணும், அங்கிள். இன்னைக்கும் நாளைக்கும் மட்டும் பூட்டைத் திறந்து விடுங்க. எடுத்துட்டுப் போனப்புறம் பழையபடி நீங்க...”

“எந்தப் பூட்டை?”

குத்திக் காட்டுகிறார் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அவளுக்கு அது வேண்டியதுதான். தலையைக் குனிந்துகொண்டாள். கமலநாதன் அவளைத் தாண்டி விடுவிடுவென்று பாதை முனைக்கு நடந்தார். பிரெண்டா பின்னாலேயே ஓடினாள்.

அவர் சங்கிலியின் முனையைத் தூக்கினார். அது ஓர் ஆணியில் மாட்டியிருந்தது. அவ்வளவுதான். பூட்டு கடைசி வளையத்தில் தன்பாட்டுக்குத் தொங்கியது. எதையும் எதோடும் சேர்த்துப் பூட்டியிருக்கவில்லை. சங்கிலி சரசரவென்று புல்லில் விழுந்தது.

“லெட்சுமி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே பூட்டைத் திறந்துட்டேன். சாவி எங்க போச்சுன்னுகூடத் தெரியாது. உங்கப்பா ஒரு தடவை தொட்டுப் பார்த்திருந்தா போதும்.”

“ஏன் அங்கிள் சொல்லலை?”

“நான் எதுக்குச் சொல்லணும்? அவர் வாயைத் திறந்து கேட்கட்டும்னு இருந்தேன். மன்னிப்புகூட வேணாம்மா. லெட்சுமிக்குக் கை எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை. அவர் கேட்கலை. நானும் சொல்லலை. ரெண்டு கிழவனுங்களும் வீம்புக்குன்னே பொறந்தவனுங்க.” அவர் வேனின் கண்ணாடியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார். “அதோட விட்டாரா? பழத்தையெல்லாம் கட்டி வெச்சாரு. எங்க பக்கம் விழுந்தா நாங்க தின்னுடுவோமாம்.”

“வண்டியில பொணம் காத்துக்கிட்டிருக்கு. இப்பத்தான் இந்தக் கதையா?” பின்னால் வந்துவிட்ட லெட்சுமி அதட்டினார்.

“பொணம்னு சொல்லாத. ரயில்காரர்னு சொல்லு,” என்றார் கமலநாதன்.

செசிலியா வேனிலிருந்து இறங்கினார். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். லெட்சுமி இடது கையால் செசிலியாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். 

வேன் நகர்ந்ததும் பின்சக்கரம் சேற்றில் புதைந்தது. இரண்டு நாளாக மழை. கமலநாதன் குனிந்து பார்த்துவிட்டு, “இப்படிப் போனா இது ஏறாது. நில்லு தம்பி,” என்று ஷானையும் கூட்டிக்கொண்டு வீட்டுப் பின்பக்கம் போனார். தோளில் பலகைகளோடு திரும்பினார்கள். கோழிக்கூட்டுக்குப் புதிதாக வாங்கி வைத்திருந்தவை. சீவிய மரத்தின் வாசனை இன்னும் போகவில்லை.

“இது புதுசு அங்கிள். பழசு ஏதாவது...” என்றான் ஷான்.

“பழசெல்லாம் இத்துப் போச்சு. உடைஞ்சு கிடைஞ்சு வண்டி சாய்ஞ்சா? போடு.”

அம்புரோஸ் அந்தப் புதுப் பலகைகளின் மேல் ஏறி, கொஞ்சமும் குலுங்காமல் தன் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

*

மத்தியானத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. கிள்ளானிலிருந்து அத்தைமார், பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து பழைய ரயில்வே நண்பர்கள். ஃபாதர் வந்து ஜெபம் செய்துவிட்டுப் போனார். கூடத்தின் நடுவில் அம்புரோஸ் வெள்ளைச் சட்டையில் படுத்திருந்தார். அவர் கையில் சிலுவையைப் பிடிக்க வைத்தபோது உள்ளங்கையில் மெல்லிய கோடுகளைப் பிரெண்டா பார்த்தாள். ராஃபியா அறுத்த கோடுகள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள்வரை ஏணியில்தான் இருந்தாராம்.

ஆஸ்பத்திரியிலும் அதே கவலைதான். பேச மூச்சு போதாத நேரத்தில் அவளைக் கிட்டே கூப்பிட்டு, “வேலிப் பக்கம் நாலஞ்சு இன்னும் கட்டலை. கட்டிடு,” என்றார். பிரெண்டாவுக்கு எரிச்சல் வந்தது. “அவங்கதான் சாப்பிட்டுட்டுப் போகட்டுமேப்பா,” என்று சொல்லிவிட்டாள். அவர் இல்லை, இல்லை என்று தலையை அசைத்தார். கொடுக்க மனமில்லாமல் அசைக்கிறார் என்று எடுத்துக்கொண்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்பாவோடு அவள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

பின்பக்கம் கோழிகள் கத்தின. சாவு வீட்டில் அவற்றை யாரும் நினைக்கவில்லை. பிரெண்டா தீவன வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அப்பா விட்டுப்போன வேலைகள் வழியெல்லாம் கிடந்தன. பாதி தோண்டிய மீன்குளத்தில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. ஈரச் சாக்கு மூடிய எருக்குவியலிலிருந்து ஆவி கிளம்பியது. கெலுலூட் கூடுகளின் வாயில் கடுகளவு தேனீக்கள் வழக்கம்போல வந்து போய்க்கொண்டிருந்தன. கோழிகளுக்குத் தீவனம் கொட்டிவிட்டு நிமிர்ந்தபோது ஏணி இன்னும் டுரியான் மரத்தில் சாய்ந்தபடி இருப்பதைக் கண்டாள்.

வீட்டுப் பக்கத்துக் கிளைகளை அண்ணாந்து பார்த்தாள். பழங்கள் நிறைய. ஒன்றில்கூடக் கயிறு இல்லை. அவை பாட்டுக்கு விழும், அம்மா பொறுக்கி எடுப்பார். சமையலறைத் தகரக் கூரையில் பழம் விழுந்த இடத்தில் இரண்டு ஒட்டு போட்டிருந்தது. அதற்கு நேர் மேலே தொங்கிய பழத்தைக்கூட அவர் கட்டவில்லை.

வேலியைத் தாண்டிய கிளையில் மட்டும்தான் ராஃபியா. சிவப்பு, நீலம், மஞ்சள். லெட்சுமி தீவனம் போட நடக்கிற இடத்துக்கு மேலே ஒவ்வொரு காம்பையும் இரண்டு சுற்று சுற்றி முடிச்சு மேல் முடிச்சாகக் கட்டியிருந்தது. கிளை நுனியில், கை எட்டச் சிரமமான தூரத்தில், போன பருவத்துப் பழம் ஒன்று கயிற்றிலேயே காய்ந்து கறுத்துக் கிடந்தது. உள்ளே அணில் துளைத்திருந்தது. பழத்துக்கு ஆசைப்பட்டுக் கட்டியவர் அதை அப்படியே விட்டிருப்பாரா?

வாளி கையில் இருப்பதையே மறந்து நின்றாள்.

படிக்கட்டில் காலடிச் சத்தம். ஜெபத்துக்கு நடுவே செசிலியா காற்று வாங்க வந்திருந்தார். கையில் லெட்சுமி கொடுத்தனுப்பிய கோப்பிக் குடுவை.

“அம்மா, இந்தக் கட்டின பழத்தையெல்லாம் அப்பா என்ன பண்ணுவாரு?”

“எட்டினதை அறுத்து இறக்கி ரயில்வே பிரெண்டுங்களுக்குக் குடுத்துடுவாரு. நாங்க ரெண்டு பேரும் ஒரு சொளைகூட வாயில வெச்சதில்லை. தொண்டையில இறங்காதும்பாரு.” செசிலியா குடுவை மூடியைத் திறந்து மூடினார். “லெட்சுமி அடிபட்ட வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனாருடி. ஆப்பிளெல்லாம் வாங்கிக்கிட்டு. வார்டு வாசல்ல நின்னு பார்த்துட்டு அப்படியே திரும்பி வந்துட்டாரு. ஏன் பேசலைன்னேன். என்ன மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் பேசுறதுன்னாரு.”

“இதை ஏன் எங்களுக்குச் சொல்லலை?”

“சொல்லக் கூடாதுன்னாரு. வெட்கம் வந்தா உங்கப்பாவுக்கு மூஞ்சி கோபக்காரன் மாதிரி ஆயிடும். நீங்க எல்லாரும் கோபம்னு நினைச்சீங்க. கமலநாதனும் அப்படித்தான் நினைச்சாரு.” செசிலியா மரத்தைப் பார்த்தார். “நானாவது போய்ச் சொல்லியிருக்கலாம். அவரு மனசு கோணக் கூடாதுன்னு இருந்துட்டேன். ஆண்டவர் மன்னிக்கட்டும்.”

உள்ளே ஜெபமாலை மறுபடியும் தொடங்கியது. செசிலியா எழுந்து போனார். பிரெண்டா வேலியோரமாகவே நின்றாள். “அருள் நிறைந்த மரியே” என்று பல குரல்கள் சேர்ந்து சொன்னபோது அவள் உதடுகளும் அசைந்தன. ஆனால் அவள் காதில் வேறொரு குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது. தெரியாது கண்ணு. அதுக்குத்தான் தாத்தா கட்டுறேன்.

*

மறுநாள் பூசை முடிந்து அடக்கமும் முடிந்தது. கல்லறைத் தோட்டத்தில் கமலநாதனும் லெட்சுமியும் எல்லாருக்கும் பின்னால் நின்றார்கள். மண் போட வரச் சொன்னபோது கமலநாதன் தயங்கினார். லெட்சுமி முதலில் போய்க் குனிந்து இடது கையால் ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டார். அதன் பிறகு கமலநாதனும் போட்டார். போட்டுவிட்டுக் கையைத் தட்டாமல் அப்படியே வைத்திருந்தார்.

வீடு திரும்பியதும் கிள்ளான் அத்தைமாரை ரயில் நிலையத்தில் விட வண்டி போதவில்லை. “நான் கொண்டு போய் விடுறேன். நீ அம்மாகூட இரு தம்பி,” என்று கமலநாதன் சாவியை எடுத்தார். அத்தைமாரில் ஒருத்திக்கு நடை தள்ளாடியது. துணைக்கு லெட்சுமியும் ஏறிக்கொண்டார். கார் செம்மண் பாதையில் பலகைகளின் மேல் தடதடத்துப் போனது. சங்கிலி புல்லில் கிடந்தது. ஷானும் மிஷெலும் கூடத்தில் வெறும் பாயில் தூங்கிப்போனார்கள். செசிலியா அம்புரோஸின் நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.

வெயில் சாயத் தொடங்கியிருந்தது. பிரெண்டா கொட்டகையிலிருந்து ராஃபியா உருண்டையையும் சின்னக் கத்தியையும் எடுத்தாள். ஏணியின் கால்களை அசைத்துப் பார்த்துவிட்டு ஏறினாள். அவளுக்கு உயரம் பயம். சின்ன வயதில் ஊஞ்சலில்கூட உட்காரமாட்டாள். இலைகளைப் பிடித்துக்கொண்டு, கீழே பார்க்காமல், அப்பா விட்டுப்போன பழங்களைத் தேடினாள். காம்பைச் சுற்றிக் கிளையோடு சேர்த்து ஒரு முடிச்சு. அதன் மேல் இன்னொன்று. கயிறு விரலை அறுத்தது. அப்பாவின் முடிச்சைப் போல வரவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டினாள். அந்தப் பக்கத்தில் கட்டாத பழம் ஒன்றும் இல்லை என்று ஆனபோது அவள் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

இறங்கும் முன்தான் அதைக் கண்டாள். அப்பா கட்டிய பழங்களில் ஒன்று பழுத்துக் காம்பு கழன்று, நீல ராஃபியாவில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. நேற்றோ இன்றோ விழுந்திருக்க வேண்டிய பழம். கோழிக்கூட்டின் கதவுக்கு நேர் மேலே.

கிளையிலிருந்த முனையை மட்டும் அறுத்து, கயிற்றைப் பிடித்து மெதுவாக இறக்கினாள். பழத்தின் காம்பில் அப்பாவின் முடிச்சு அப்படியே இருந்தது. மீதிக் கயிற்றை மடித்து ஒரு கைப்பிடியாக்கிக் கட்டினாள். வாசனை மூக்கைத் துளைத்தது.

வேலியின் தாழ்ந்த கம்பியைத் தாண்டிப் போகலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு சுற்றிக்கொண்டு பாதை வழியாகவே போனாள். கமலநாதனின் வீடு சாத்தியிருந்தது. பின்கதவுப் படியில் லெட்சுமியின் ரப்பர் செருப்பும் கவிழ்த்து வைத்த தீவன வாளியும் இருந்தன.

பிரெண்டா படியில் உட்கார்ந்து பழத்தைக் கவிழ்த்தாள். முட்களுக்கிடையே மங்கலாகத் தெரிந்த கோட்டில் கத்தி நுனியைச் செருகித் திருப்பினாள். ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தோடு விரிந்தது. அதற்கு மேல் அவள் பிளக்கவில்லை. எறும்பு ஏறாமல் இருக்க வாழையிலையைச் சுற்றிக் கட்டினாள். ஒற்றைக் கையால் தூக்கலாம். ஒற்றைக் கையாலேயே திறக்கவும் முடியும்.

சாலைப் பக்கம் ஏதோ காரின் சத்தம் கேட்டது. அவர்களுடையது இல்லை. ஆனாலும் அவள் எழுந்துகொண்டாள். இரண்டடி நடந்தவள் திரும்பி வந்தாள். குனிந்து, கயிற்றுப் பிடியைப் படியின் இடப்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுப் போனாள்.